வருங்காலம் எழுதியவர் கண்ட உலக சரித்திரம்

முன்னே நடந்ததை ஆராய்வது சரித்திர ஆசிரியரின் தொழில். இனி நடக்கக்கூடியதை மனக்கண்ணால் காண்பது விஞ்ஞானக் கதை எழுதுவோரின் தொழில். முன்னவருக்கு ஏடும் கல்வெட்டும் துணை. பின்னவருக்கு ஆய்வுக்கூடமும் கற்பனையும் துணை. இவ்விரு தொழில்களும் ஒரே மனிதரிடம் கூடி நிற்பது அரிது. அவ்வாறு கூடி நின்ற பேராசிரியர் ஒருவர் ஆங்கில நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ். எச். ஜி. வெல்ஸ் என்றே உலகம் அவரை அறியும். 1895-இல் ‘கால யந்திரம்’ என்னும் நாவலை எழுதி, மனிதனை எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் அனுப்பிவைத்தவர் அவர். அவரே 1920-இல், பூமி தோன்றிய நாள் முதல் தம் காலம் வரையுள்ள உலக சரித்திரத்தை ஒரே நூலாக எழுதி வெளியிட்டார். எதிர்காலத்தை எழுதிப் புகழ் பெற்றவர் ஏன் இறந்த காலத்தின் பக்கம் திரும்பினார்? அவர் எழுதிய சரித்திரத்தால் விளைந்த பயன் யாது? நம் நாட்டிற்கும் அதற்கும் உள்ள தொடர்பு என்ன? இவற்றை ஒருசிறிது ஆராய்வோம்.

வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், கென்ட் மாவட்டத்தில் பிராம்லி என்னும் ஊரில் பிறந்தார். செல்வக் குடியில் பிறந்தவரல்லர். தந்தை ஜோசப் வெல்ஸ் தோட்டக்காரராக இருந்து, பின்பு பீங்கான் பாத்திரங்களும் கிரிக்கெட் மட்டைகளும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினார். கிரிக்கெட் ஆட்டத்தில் அவருக்குத் தனிப் பெயர் உண்டு. 1862-இல் கென்ட் அணிக்காகப் பந்து வீசி, அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். ஆனால் அந்தப் புகழ் அடுப்பெரியப் போதவில்லை. தாய் சாரா, செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். குடும்பம் நொடித்தபோது, 1880-இல் அப்பார்க் என்னும் மாளிகைக்கு வீட்டு மேற்பார்வை வேலைக்கு மீண்டும் சென்றார்.

ஏழு வயதில் சிறுவன் வெல்சுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த மகனுக்குத் தந்தை நூல்நிலையத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். படிப்பின் சுவையை அறிந்தது அப்போதுதான். பிற்காலத்தில் அந்த விபத்தைத் தம் வாழ்வில் நேர்ந்த நற்பேறுகளுள் ஒன்றாகவே அவர் எண்ணினார். தாய் வேலை பார்த்த மாளிகையிலும் பழைய நூல்நிலையம் ஒன்று இருந்தது. பிளேட்டோவையும் சுவிப்டையும் அங்கே அவர் படித்தார்.

படிப்பு ஒருபுறம் இழுக்க, வறுமை மறுபுறம் தள்ளியது. பதினான்கு வயதிலேயே வெல்ஸ் ஜவுளிக்கடைக்கு வேலை பழக அனுப்பப்பட்டார். நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம் வேலை. பிற பையன்களுடன் பொது அறையில் படுக்கை. இரண்டு ஆண்டுகள் பொறுத்தார். பின்பு ஒருநாள் காலை பதினேழு மைல் நடந்தே தாயிடம் சென்று, இனி அந்தக் கடைக்குப் போவதில்லை என்று கூறிவிட்டார். ஒரு பள்ளியில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்து, உதவிச் சம்பளம் பெற்று, 1884-இல் லண்டனிலுள்ள விஞ்ஞானக் கல்லூரியில் நுழைந்தார். அங்கே உயிரியல் கற்பித்தவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் பரிணாமக் கொள்கைக்காக வாதிட்டு வென்ற பெரியார் அவர்.

ஹக்ஸ்லியிடம் வெல்ஸ் பயின்றது ஓராண்டே. ஆயினும் அந்த ஓராண்டு அவர் வாழ்நாள் முழுமைக்கும் அடித்தளமாயிற்று. மனித இனம் ஒன்றே. அதன் வயதை மன்னர்களின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு அளக்க முடியாது. பாறைகளின் அடுக்குகளைக் கொண்டே அளக்கவேண்டும். இன்று மேலோங்கி நிற்கும் உயிரினம் நாளையும் மேலோங்கி நிற்கும் என்பதற்கு இயற்கை உறுதி எதுவும் தரவில்லை. இந்த எண்ணங்களே அவருடைய கதைகளுக்கும் வித்து. பின்னர் எழுந்த சரித்திரத்திற்கும் வித்து.

‘கால யந்திரம்’ நாவலை இந்த நோக்கில் படித்தால் அதன் உட்பொருள் விளங்கும். கதைத் தலைவன் கி.பி. 802701-ஆம் ஆண்டிற்குச் செல்கிறான். அங்கே மனித இனம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே வெயிலில் விளையாடித் திரியும் மெல்லியர் ஒரு கூட்டம். நிலத்தடியில் இருளில் இயந்திரங்களோடு உழலும் கூட்டம் மற்றொன்று. இருளில் வாழ்வோர் மேலே வாழ்வோரைப் பிடித்துத் தின்கின்றனர். இது வெறும் அச்சக் கதையன்று. லண்டன் மாநகரில் செல்வர் மாடியிலும் உழைப்பாளர் நிலவறையிலும் வாழ்ந்த நிலைமையை எட்டு லட்சம் ஆண்டுகள் நீட்டிப் பார்த்தால் என்ன விளையும் என்பதே அக்கதையின் கேள்வி. சரித்திர ஆசிரியர் விளைவைக் கண்டு காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்வார். வெல்ஸ் காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விளைவைத் தேடி முன்னோக்கிச் சென்றார். வழி ஒன்றே, திசைதான் வேறு.

1898-இல் வெளிவந்த ‘உலகங்களின் போர்’ என்னும் நாவலும் அத்தகையதே. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த உயிர்கள், தம் வலிமை மிக்க கருவிகளால் இங்கிலாந்தை அழிக்கின்றன. கதையின் தொடக்கத்திலேயே, ஐரோப்பியர் குடியேறியதால் டாஸ்மேனியத் தீவின் மக்களுக்கு நேர்ந்த பேரழிவை வெல்ஸ் நினைவூட்டுகிறார். பிறரை அடக்கி ஆண்ட பேரரசின் மக்களுக்கு, அடக்கப்படுவது எத்தகையது என்பதை ஒரு கற்பனையின் வழியே உணர்த்தினார்.

1902-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எதிர்காலத்தைக் கண்டறிதல் என்பது பொருள். எவரும் கண்ணால் காணாத பழங்காலத்தைப் பாறைகளையும் எலும்புகளையும் கொண்டு அறிஞர்கள் அறிந்திருக்கின்றனர் அல்லவா? அவ்வாறே இன்று செயற்படும் காரணங்களைக் கொண்டு எதிர்காலத்தின் பொதுப் போக்கையும் அறியக்கூடும் என்பது அவர் வாதம். தனி மனிதரின் விதியை அவ்வாறு அறிய இயலாது. பெருங்கூட்டங்களின் போக்கை அறியலாம் என்றார்.

அவர் கண்ட எதிர்காலம் எந்த அளவு பலித்தது? தவறியவை உண்டு. நீர்மூழ்கிக் கப்பல் தன் மாலுமிகளை மூச்சடைக்கச் செய்து கடலில் ஆழ்வதன்றி வேறொன்றும் செய்யாது என்று 1901-இல் எழுதினார். பதின்மூன்று ஆண்டுகளில் மூண்ட போரில் நீர்மூழ்கிகளே கடல் வாணிகத்தைக் கலக்கின. அதே 1901-ஆம் ஆண்டு நூலில், தாழ்ந்த இனங்கள் என்று தாம் கருதியவர்களைப் பற்றி அவர் எழுதிய பகுதிகள் இன்று படிப்போரை வெறுப்படையச் செய்பவை. மனித ஒற்றுமையைப் பேசிய பேரறிஞரிடமும் தம் காலத்தின் கறை இருந்தது என்பதை மறைத்தல் கூடாது.

பலித்தவையோ வியப்பூட்டுவன. 1908-இல் விமானங்கள் நகரங்களின் மீது குண்டு வீசும் போரை எழுதினார். 1914-இல் வெளியிட்ட நாவலில் அணுகுண்டு என்ற சொல்லையே ஆண்டார். கதிரியக்கத்தைப் பற்றி பிரடரிக் சாடி எழுதிய நூலே அந்தக் கற்பனைக்கு ஆதாரம். லியோ சிலார்ட் என்னும் பௌதிக அறிஞர் 1932-இல் அந்நாவலைப் படித்தார். மறு ஆண்டு லண்டனில், அணுவின் தொடர்வினை பற்றிய எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. உண்மையாகவே அத்தகைய ஆயுதம் செய்யப்பட்டால் என்ன நேரும் என்ற அச்சமும் அக்கதையின் வழியே அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. போரையே ஒழிக்கும் போர் இது என்று வெல்ஸ் எழுதினார். அந்தச் சொல் நாடெங்கும் பரவியது. 1918-இல் பகைநாட்டுப் பிரசாரத்திற்கான அரசாங்க அலுவலகத்தில் சில மாதங்கள் பணியாற்றினார். போருக்குப்பின் நாடுகள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தல் வேண்டும் என்று பேசுவோருடன் கலந்து உழைத்தார். அப்போதுதான் ஒரு பேருண்மை அவருக்குப் புலப்பட்டது. நாடுகளை இணைக்க வந்தவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் வெவ்வேறு சரித்திரம் குடிகொண்டிருந்தது. ஆங்கிலச் சிறுவன் படித்தது ஆங்கிலேயர் வெற்றி. பிரெஞ்சுச் சிறுவன் படித்தது பிரெஞ்சுக்காரர் வெற்றி. ஜெர்மானியச் சிறுவன் படித்தது ஜெர்மானியர் வெற்றி. ஒருவருக்குத் திருநாளாக இருந்தது மற்றவருக்குத் துக்க நாள். பொதுவான பழமை இல்லாதவர்கள் பொதுவான எதிர்காலத்தை எங்ஙனம் சமைப்பர்? ஒரு தலைமுறை வளர்ந்ததும் மீண்டும் போர்க்களத்தில்தானே சந்திப்பர்? எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தம்முடையது என்று கொள்ளத்தக்க ஒரு சரித்திரம் வேண்டும் என்று வெல்ஸ் துணிந்தார். சரித்திரப் பேராசிரியர்கள் தத்தம் எல்லைக்குள் நின்றுவிட்டமையால், அந்த வேலையைத் தாமே மேற்கொண்டார்.

நாவல் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அவர் அதை எழுதி முடித்தார். துணைவியார் கேத்தரின் உடனிருந்து உதவினார். உயிரியலுக்கு ரே லாங்கெஸ்டர், கிரேக்க நாகரிகத்திற்குக் கில்பர்ட் மரே, அரசியல் வரலாற்றுக்கு எர்னஸ்ட் பார்க்கர், இனங்கள் மொழிகள் பற்றிய பகுதிகளுக்கு ஹாரி ஜான்ஸ்டன் ஆகியோர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் திருத்தினர். அவர்கள் உடன்படாத இடங்களில், அந்த மறுப்பையும் அடிக்குறிப்பாக அச்சிட்டார் வெல்ஸ். பொதுமக்களுக்கென எழுதிய நூலில், ஆசிரியரும் ஆலோசகரும் வாதிடுவதை வாசகர் நேரே காணலாம். இது நேர்மை, சரித்திரம் எவ்வாறு உருவாகிறது என்பதற்குப் பாடமும் ஆகும்.

1919 நவம்பர் முதல், பதினைந்து நாளுக்கு ஒரு பகுதியாக, 24 பகுதிகள் வெளிவந்தன. பின்பு நூல் வடிவம் பெற்றது. இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயின. மன்னர் பட்டியலோடு தொடங்காமல், வெட்டவெளியில் சுழலும் பூமியோடு அந்நூல் தொடங்குகிறது. உயிர் தோன்றுகிறது; கடல் வாழ் உயிர்கள் கரையேறுகின்றன; ஊர்வன ஆண்டு மறைகின்றன; பின்னர்தான் மனிதன் வருகிறான். உழவும் எழுத்தும் நாணயமும் காகிதமும் அரசர்களுக்கு ஒப்பான இடம் பெறுகின்றன. நெப்போலியனை உலகம் வியந்தது. வெல்சோ, கிடைத்தற்கரிய வாய்ப்பைத் தன்னலத்தால் வீணாக்கியவன் என்று அவனைக் குறைத்தே மதிப்பிட்டார்.

அத்தகைய ஆசிரியர் எவரை உயர்த்தினார்? நம் அசோகரை உயர்த்தினார். ஆயிரமாயிரம் மன்னர்களின் பெயர்கள் சரித்திர ஏடுகளில் நெருங்கிக் கிடக்க, அவர்களிடையே தனித்து ஒளிவிடுபவர் அசோகர் என்பது அவர் தீர்ப்பு. வெற்றி பெற்ற பின்பு போரைக் கைவிட்ட மன்னர் என்பதே அதற்குக் காரணம். இத்தீர்ப்பின் அருமையை உணரவேண்டுமானால் ஒன்றை நினைத்தல் வேண்டும். அசோகரின் எழுத்துக்களை ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தது 1837-இல். ‘தேவானாம்பிரியர்’ என்று சாசனங்கள் கூறும் மன்னர் அசோகரே என்பதை அவர் பெயராலேயே உறுதி செய்த மாஸ்கிக் கல்வெட்டு கிடைத்தது 1915-இல். ஐந்தே ஆண்டுகளில் அம்மன்னரின் பெயரை வெல்சின் நூல் உலகெங்கும் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. தம் ஆட்சிக்கு உட்படாத அண்டை நாட்டினர் என்று சோழரையும் பாண்டியரையும் குறிக்கும் சாசனங்களும் அந்த அசோகருடையவையே.

இந்தத் தொடர்பு அம்மட்டோடு நிற்கவில்லை. 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்தவாறே, ஜவாஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு உலக சரித்திரத்தைக் கடிதங்களாக எழுதினார். அசோகரைப் பற்றிய கடிதத்தில் வெல்சின் மதிப்பீட்டையே எடுத்துக்காட்டினார். ஐரோப்பாவை நடுவில் வைத்து எழுதப்படும் சரித்திரத்திற்கு மாறாக, ஆசியாவின் கண்கொண்டு உலகத்தைப் பார்த்தார் நேரு. 1939-இல் அக்கடிதங்களின் புதிய பதிப்பு லண்டனில் வெளிவந்தபோது, அதற்கு ஐம்பது தேசப்படங்கள் வரைந்து தந்தவர் ஜே. எப். ஹாரபின். வெல்சின் சரித்திரத்திற்குப் படம் வரைந்தவரும் அவரே. நாவலாசிரியர் லண்டனில் எழுதிய சரித்திரத்திற்கும் கைதி ஒருவர் இந்தியச் சிறையில் எழுதிய சரித்திரத்திற்கும் ஒரே கை படம் வரைந்தது.

வெல்சின் நூலை எதிர்த்தவர்களும் இருந்தனர். ஹிலேர் பெல்லக் என்னும் கத்தோலிக்க எழுத்தாளர் 1926-இல் அதை மறுத்து ஒரு நூல் எழுதினார். வெல்ஸ் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். கனடா நாட்டுப் பெண்மணி பிளாரன்ஸ் டீக்ஸ், தம் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தே வெல்ஸ் எழுதினார் என்று 1925-இல் வழக்குத் தொடுத்தார். 1930-இல் தள்ளுபடியான அவ்வழக்கு மேல்முறையீடாகச் சென்று, 1932-இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. சரித்திரப் பேராசிரியர் பலர் நூலின் பிழைகளை எண்ணிக் காட்டினர். அர்னால்டு டாயின்பியோ, குறை காண்போர் செய்யத் துணியாத ஒன்றை வெல்ஸ் செய்து காட்டினார் என்று பாராட்டினார்.

பிழைகள் இருந்தது உண்மைதான். 1912-இல் பில்ட்டவுன் என்னுமிடத்தில் கிடைத்ததாகக் கூறப்பட்ட ஆதிமனித எலும்பை, அக்கால அறிஞர் பலரைப் போலவே வெல்சும் மெய்யென்று கொண்டார். அது திட்டமிட்ட மோசடி என்பது 1953-இல் வெளிப்பட்டது. சிந்துவெளி நாகரிகமோ 1920-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றிருக்க வழியில்லை. ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழ்வுகளின் சிறப்பை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல் அல்லவா? புதிய செய்திகள் கிடைக்குந்தோறும் வெல்ஸ் தம் நூலைத் திருத்திக்கொண்டே வந்தார். அவர் மறைந்த பின்பு ரேமண்ட் போஸ்ட்கேட் அப்பணியைத் தொடர்ந்தார். எதிர்காலம் மட்டுமன்றி இறந்த காலமும் மாறிக்கொண்டேயிருக்கிறது என்பதற்கு இது சான்று.

வானொலிக்கும் வெல்சுக்கும் உள்ள உறவை இங்கே கூறாது விடுதல் தகாது. 1932 நவம்பரில் பி.பி.சி. வாயிலாக அவர் ஒரு பேச்சு நிகழ்த்தினார். சரித்திரம் கற்பிக்க ஆயிரக்கணக்கான பேராசிரியர்கள் இருக்கின்றனர். வருமுன் உணரும் கலையைக் கற்பிக்க ஒருவரேனும் உண்டா என்று அதில் கேட்டார். மோட்டார் வண்டி வந்தபின் அதற்கேற்ற சாலை இல்லை என்று திகைக்கிறோம். இத்தகைய விளைவுகளை முன்கூட்டியே ஆராய்வோர் வேண்டும் என்பது அவர் கருத்து. 1938 அக்டோபர் 30-ஆம் நாள், ஆர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், ‘உலகங்களின் போர்’ கதையைச் செய்தி அறிக்கை போன்ற வானொலி நாடகமாக ஒலிபரப்பினார். உண்மையென்று நம்பிச் சிலர் கலங்கினர். நாடே நடுங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்தது. கதை செய்தியாகவும் செய்தி கதையாகவும் மாறும் விந்தையை வானொலியும் பத்திரிகையும் சேர்ந்து அன்றே காட்டிவிட்டன.

1933-இல் வெல்ஸ் எழுதிய நாவல் அவருடைய இரு தொழில்களையும் ஒன்றாக்கியது. 2106-ஆம் ஆண்டு வரையுள்ள உலக சரித்திரத்தைக் கூறும் பாடநூலைப் போல அமைந்தது அது. போலந்து எல்லையில், டான்சிக் நகரில், 1940-இல் உலகப் போர் தொடங்கும் என்று அதில் எழுதினார். மெய்யாகவே போலந்தில்தான் போர் மூண்டது. 1939 செப்டம்பரில், சில மாதங்கள் முன்னதாகவே. மறு ஆண்டு அவர் மனித உரிமைகளுக்கு ஒரு பட்டயம் வேண்டும் என்று எழுதி, உலகத் தலைவர்களின் கருத்தைக் கேட்டார். காந்தியடிகள், உரிமைப் பட்டயத்திற்கு முன்னே கடமைப் பட்டயத்தை எழுதத் தொடங்குங்கள் என்ற கருத்துப்பட விடையனுப்பினார். ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10-இல் மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதற்கு வழிகோலிய முயற்சிகளுள் வெல்சின் முயற்சியும் ஒன்று.

அதைக் காண அவர் உயிருடன் இல்லை. தம் நாவலில் பெயரிட்ட அணுகுண்டு 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்ததைக் கண்டார். மறு ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் லண்டனில் காலமானார். அவர் இறுதியாக எழுதியவற்றில் மனித இனத்தின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை மங்கித் தோன்றுகிறது. அவர் கனவு கண்ட உலக அரசு தோன்றவில்லை. நிபுணர் சிலர் கூடி உலகை ஆளலாம் என்று அவர் எண்ணியதை, ஜார்ஜ் ஆர்வெல் போன்றோர் கண்டித்ததும் நியாயமே. மக்களின் மனத்திலுள்ள நாட்டுப்பற்றையும் மதப்பற்றையும் அவர் மிக எளிதாக எடைபோட்டுவிட்டார்.

எனினும் அவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு அக்கேள்வி இன்னும் அணுக்கமானது. தில்லியில் வளரும் பிள்ளை பள்ளியில் மொகலாயர் வரலாற்றைப் படிக்கிறது. மும்பையில் வளரும் பிள்ளை சிவாஜியின் வரலாற்றைப் படிக்கிறது. கொல்கத்தாவில் வளரும் பிள்ளை பலாசிப் போரைப் படிக்கிறது. மாலையில் வீட்டிற்கு வந்தால், பாட்டனார் வாயிலாக இராசராசனையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அறிகிறது. இவ்விரண்டும் இரு வேறு உலகங்களாகவே நின்றுவிட்டால், எது நம்முடையது, எது பிறருடையது என்ற பிரிவினை இளம் உள்ளத்தில் வேர்விடும். இரண்டையும் ஒரே காலவரிசையில் வைத்துக் காட்டினால், அண்டை வீட்டாரின் பழமையும் தன் பழமையோடு பின்னியது என்பதை அப்பிள்ளை உணரும். தஞ்சையில் மராத்திய மன்னர்கள் ஆண்டதும், அவர்களுள் ஒருவரான சரபோஜி சரசுவதி மகாலை வளம்படுத்தியதும், மும்பைப் பிள்ளைக்கும் தஞ்சைப் பிள்ளைக்கும் பொதுச் சொத்தல்லவா?

பீங்கான் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, ஜவுளிக்கடையிலிருந்து வெளியேறி, காலத்தின் இரு முனைகளையும் எட்டிப் பார்த்தவர் வெல்ஸ். அவர் எழுதிய கதைகளைப் படிக்கும் பிள்ளைகள், அவர் எழுதிய சரித்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. அதிலுள்ள பிழைகளைக் காண்பதற்கும் விடுபட்டவற்றைக் கேட்பதற்கும் அந்நூலே அவர்களைப் பழக்கும்.